இருபது பிக்சல்

புரொஜெக்டரின் வெளிச்சம் அலுவலகச் சுவரில் விழுந்த அந்தக் காலையில், எங்கள் இணையதளத்தின் வலப்பக்கம் வெறுமையாக இருப்பதை முதலில் கண்டவள் நான்தான். பத்தொன்பது குடும்பத் தலைவர்களின் பெயர்கள் நிற்க வேண்டிய இடம் அது. நிதி வழங்கும் அமைப்பிலிருந்து வந்திருந்த மூவர் முன்வரிசையில் அமர்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்தார்கள். மவுஸ் எங்கள் ஒருங்கிணைப்பாளரின் கையில் இருந்தது.

சுனாமி வந்துபோன இரண்டாம் ஆண்டு. கணினிப் பட்டப்படிப்பை முடித்துவிட்டு, காரைக்காலில் ஒரு சிறிய தொண்டு அமைப்பில் சேர்ந்திருந்தேன். திருமலைராயன்பட்டினத்தை ஒட்டிய மீனவர் குடியிருப்பில் வீடு இழந்தவர்களுக்கு வீடு கட்டித் தருவது எங்கள் பணி. சொந்த வீடு இருந்தவர்களின் பெயர்கள் முதல் கட்டத்திலேயே பட்டியலில் ஏறிவிட்டன. பிறர் வீட்டில் வாடகைக்கு இருந்த பத்தொன்பது குடும்பங்களிடம் காட்டுவதற்குக் காகிதம் எதுவும் இல்லை. ஆகவே அவர்கள் தகரக் கொட்டகையிலேயே தங்கிவிட்டார்கள். அவர்களுக்காகப் பேசியவர் மீன்கூடை சுமந்து விற்கும் ஓர் அக்கா. விடுபட்டவர்களின் பட்டியல் நம் தளத்தின் ஒவ்வொரு பக்கத்திலும் இருக்க வேண்டும் என்று சொன்னவர் ஒருங்கிணைப்பாளர்தான். பெயர்களை எழுத நாங்கள் கொட்டகைக்குப் போன நாளில் மழை பெய்தது. தான் நனைந்தபடி, என் நோட்டுப் புத்தகத்துக்கு மேல் குடை பிடித்துக்கொண்டு நின்றார் ஒருங்கிணைப்பாளர். "கவலைப்படாதீங்கக்கா, எந்தப் பக்கத்தைத் தொறந்தாலும் உங்க பேரு கூடவே நிக்கும்" என்று அந்த அக்காவிடம் சொன்னார். அன்று முதல் அவரை நான் முழுமையாக நம்பினேன்.

அப்போது கணினித் திரைகள் சிறியவை. பக்கத்தின் மொத்த அகலம் எழுநூற்று அறுபது பிக்சல், அதாவது திரைப்புள்ளி, என்று வைத்துக்கொண்டோம். வீடுகளின் படங்களும் செய்திகளும் வரும் பிரதானப் பகுதிக்கு ஐந்நூற்று நாற்பது, பட்டியல் வரும் பக்கப்பட்டிக்கு இருநூறு, நடுவில் இருபது இடைவெளி. இரண்டையும் அருகருகே மிதக்கவிடும்படி, பக்கத்தின் அமைப்பைச் சொல்லும் சி.எஸ்.எஸ். கோப்பில் எழுதினேன். அந்த முறையில் ஓர் ஆபத்து உண்டு. மொத்தக் கணக்கு ஒரு பிக்சல் மிஞ்சினாலும், பக்கப்பட்டிக்குப் பக்கத்தில் இடம் கிடைக்காமல் அது அத்தனை படங்களுக்கும் அடியில் போய் விழுந்துவிடும். இதை ஒருங்கிணைப்பாளருக்கு நானே காகிதத்தில் வரைந்து விளக்கியிருந்தேன். எதிலும் ஒழுங்கு பார்ப்பவர் அவர். கோப்பில் யார் எதை மாற்றினாலும் அந்த வரிக்கு அருகிலேயே காரணத்தைக் குறிக்க வேண்டும், மாற்றுவதற்கு முன் பழைய கோப்பைத் தேதியிட்டு எடுத்துவைக்க வேண்டும் என்பது அவர் வகுத்த விதி.

அந்தக் காலையில் பட்டியல் கீழே விழுந்திருந்தது. சுவரோரம் நின்றிருந்த அக்கா, "எங்க பேரு எங்க பாப்பா?" என்று என் காதருகே கேட்டார். பக்கத்தைக் கீழே நகர்த்தினால் பெயர்கள் தெரிந்துவிடும் என்று ஒருங்கிணைப்பாளருக்குக் கைகாட்டினேன். அவர் நகர்த்தவில்லை. "நம்ம பொண்ணு கூட்டல்ல கோட்டை விட்டுடுச்சு போல" என்று சிரித்தார். விருந்தினர்களும் சிரித்தார்கள். என் காதுமடல்கள் சுட்டன. கணக்கில் பிழை செய்துவிட்டேன் என்று நானும் நம்பியதால், வாயைத் திறக்கும் துணிவு வரவில்லை. விருந்தினர்கள் புது வீடுகளின் படங்களைப் பாராட்டிவிட்டு நண்பகலில் புறப்பட்டார்கள். மறுநாள் நான் வருவதற்குள் பட்டியல் தன் இடத்துக்குத் திரும்பியிருந்தது. "விடும்மா, நானே சரிபண்ணிட்டேன்" என்றார்.

அந்த விருந்தினர்கள் நிதி கொடுத்த அடுத்த கட்ட வீடுகளில் பத்தொன்பது குடும்பங்களில் ஒன்றுக்கும் இடம் கிடைக்கவில்லை. கொட்டகைக்குப் போய், தவறு என்னுடையது என்று அக்காவிடம் சொன்னேன். "படிச்ச புள்ளைக்கும் கணக்குத் தப்பும்ல? அழாத. அடுத்த தடவ வர்றவங்ககிட்ட கேட்டுக்கலாம்" என்று தேற்றினார்.

ஏழெட்டு மாதம் கழித்து, தளத்தை வேறொரு சர்வருக்கு மாற்றும்போது பழைய கோப்புகளைப் பார்த்தேன். விருந்தினர் வந்துபோன மறுநாள் தேதியிட்ட கோப்பில் பிரதானப் பகுதியின் அகலம் ஐந்நூற்று அறுபது என்று இருந்தது. அதன் அருகில், அவர் விதித்த முறைப்படியே, அவர் பெயரின் முதலெழுத்தும் காரணமும்: "பட்டியல் கீழே போகட்டும், விசிட் முடியும் வரை." அன்று அதைச் சரிசெய்வதற்கு முன், மாற்றிய கோப்பைப் பழக்கதோஷத்தில் எடுத்தும் வைத்திருக்கிறார்.

அச்செடுத்துக் கொண்டுபோய் அவர் மேசையில் வைத்தேன். மறுக்கவில்லை. "இத்தனை பேரு விட்டுப்போச்சுன்னு தெரிஞ்சா மொத்தத் திட்டத்தையும் நிறுத்திருப்பாங்கம்மா. மத்தவங்களுக்கு வர்ற வீட்டையும் கெடுக்கச் சொல்றீங்களா?" என்றார். அந்தக் கேள்வியை நான் இன்றுவரை எளிதாகத் தள்ளிவிட்டதில்லை. அவர் சொன்னது போலவே நடந்திருக்கலாம்.

"சரி சார். பழிய ஏன் எம்மேல போட்டீங்க?"

"நீங்க சின்னப் பொண்ணு. உங்களை மன்னிச்சிடுவாங்க."

என் வெட்கத்தையும் அவர் முன்கூட்டியே அளந்து வைத்திருந்தார் என்பது அப்போதுதான் புரிந்தது. அந்த மாதமே வேலையை விட்டேன்.

இன்று பக்கப்பட்டியை நிறுத்த அந்தக் கூட்டல் கழித்தல் தேவையில்லை. இரண்டு மூன்று வரிகளில் முடிந்துவிடுகிறது. கைப்பேசித் திரையில் அது கீழே போவதே முறையாகவும் ஆகிவிட்டது. என்னுடன் வேலை செய்பவர்கள் அதில் ஒரு குறையும் காண்பதில்லை. எனக்கு மட்டும், கீழே போகும் பகுதியில் என்ன எழுதியிருக்கிறது என்று ஒருமுறை படித்துப் பார்க்காமல் கை ஓடுவதில்லை.

வேலையை விட்ட மறுநாள் அக்காவைத் தேடிப் போனேன். உண்மையைச் சொன்னால் அவருக்கு நியாயம் செய்ததாகும் என்று எண்ணியிருந்தேன். கொட்டகை வாசலில் கூடையைக் கழுவிக்கொண்டிருந்தவர், நான் சொல்லி முடிக்கும்வரை நிமிரவில்லை.

"கூட்டல் தப்புன்னு நெனச்சிருந்தப்ப, திரும்ப ஒருதரம் போய்க் கேக்கலாம்னு இருந்தேன்" என்றார். கூடையைக் கவிழ்த்துத் தண்ணீரை வடியவிட்டார். "இனிமே யாரைப் போய்க் கேக்கச் சொல்ற?"