சின்னதம்பி மாமாவின் பதினாறு தட்டுகள்

என் அக்கா பவானியைக் கட்டியவர் சின்னதம்பி. கடலூர் முதுநகரில் லேத் பட்டறை. பைபர் போட்டுகளுக்கு ஷாப்ட் கடைவது, புரொப்பல்லர் சரி செய்வது, எஞ்சினுக்கு அடிச்சட்டம் அமைப்பது எல்லாம் செய்வார். வேலையில் சுத்தம். ஆனால் ஒரு இடத்தில் பத்து நிமிடம் உட்காரச் சொன்னால் அந்த மனிதருக்கு உடம்பு அரிக்க ஆரம்பித்துவிடும். சோறு தின்னும்போதே எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வந்து மீதியைத் தின்பார். கல்யாணத்தன்று தாலி கட்டிய கையோடு மேளக்காரரின் ஸ்கூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தவர் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள். நான் கூடவே இருந்தேன், என் கையில்தான் ஸ்பேனர் இருந்தது.

அவர் கண்டுபிடிக்காத மிஷின் இல்லை. முடித்த மிஷின்தான் இல்லை. இறால் உரிக்கும் மிஷின் ஒன்று செய்தார். டிரம்மும் தாங்கு சட்டமும் தயாரானதும் வலை அலசும் மிஷினுக்குத் தாவிவிட்டார். இறால் டிரம்மில் இப்போது அக்காவின் ஆறு கோழிகள் குடியிருக்கின்றன. வலை மிஷினின் சட்டத்தில் கருவாடு காய்கிறது. அவர்கள் குடியிருக்கும் சிங்காரத்தோப்பில் வேறு யார் வீட்டிலும் இத்தனை வினோதமான சாமான் கிடையாது. "ஒன்னையாவது முடிச்சுட்டு எந்திரிய்யா" என்று அக்கா இருபத்திரண்டு வருடமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

நான் குட்டியானை என்கிற சின்ன லோடு வண்டி ஓட்டுகிறேன். சித்திரை மாதம் குறிஞ்சிப்பாடியிலிருந்து புவனகிரிக்கு நூல் மூட்டை ஏற்றிப் போனேன். பட்டறையில் இருப்புக் கொள்ளாமல் மாமாவும் முன் சீட்டில் ஏறிக்கொண்டார். நூல் லோகநாயகி அக்காவுக்கு. நாலு விசைத்தறி வைத்து லுங்கி போட்டுக்கொண்டிருந்தவர். அன்று தறி ஒன்றும் ஓடவில்லை. லுங்கி ஆர்டர் நின்று இரண்டு மாதம் ஆகியிருந்தது.

"சிதம்பரம் கடைக்காரரு துண்டு கேக்குறாரு தம்பி. ஆனித் திருமஞ்சனத்துக்குள்ள வேணுமாம். முப்பது இஞ்சுல கொஞ்சம், முப்பத்தாறுல கொஞ்சம். எங்கிட்ட இருக்கிற எட்டு பீமும் லுங்கி அகலம். நான் எங்க போறது?" என்றார் லோகநாயகி அக்கா.

தறிக்குப் பின்னால், துணியின் நீளவாட்டில் ஓடும் பாவு நூல் சுற்றியிருக்கும் உருளைதான் பீம். நூல் பக்கவாட்டில் சரிந்து விழாமல் இருக்க இரண்டு முனையிலும் வட்டத் தட்டு நிற்கும். அந்த இரண்டு தட்டுக்கும் நடுவில் உள்ள தூரம்தான் பாவின் அகலம். லோகநாயகி அக்காவின் பீம்களில் யாரோ ஒரு புண்ணியவான் தட்டுகளை வெல்டிங் வைத்து ஒட்டிவிட்டிருந்தார். தட்டு நகரும் பீம் கடையில் கிடைக்கிறது. ஆனால் இவருடைய பழைய தறிக்கும் அதற்கும் ஒட்டாது, தறியையே மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்களாம். துண்டுக்குத் தறி ஓடாவிட்டால் ஆனி பத்தாம் தேதி சிதம்பரத்திலிருந்து பழைய இரும்பு வாங்கும் சாமிக்கண்ணு லாரியோடு வருகிறார், நாலு தறியையும் எடைக்குப் போட்டுவிடுவேன் என்று அக்கா சாதாரணமாகத்தான் சொன்னார். சொல்லிவிட்டு தறியின் மீதிருந்த தூசியை முந்தானையால் துடைத்தார். எனக்கு என்னவோ போல் ஆகிவிட்டது.

மாமா அதற்குள் தரையில் படுத்து பீமுக்கு அடியில் போயிருந்தார்.

"அக்கா, இந்தத் தட்டு வேணுங்கிற எடத்துல நின்னா போதுமா?"

"நின்னா போதும். நவுந்துடக் கூடாது, அவ்ளோதான்."

"ஒரு வாரம் குடுங்க."

"மொதல்ல ஒரு பீமுக்குப் பண்ணிப் பாப்போம் தம்பி. சரியா வந்தா மீதி" என்று தெளிவாகச் சொன்னார் லோகநாயகி அக்கா. இதை நான் என் இரண்டு காதாலும் கேட்டேன்.

மறுநாள் பீம் எடுக்கப் போனபோது லோகநாயகி அக்கா ரேஷன் கடைக்குப் போயிருந்தார். "எட்டையும் ஏத்து மச்சான். எவன் எட்டு தடவ வந்துட்டுப் போறது?" என்றார் மாமா. நானும் ஏற்றினேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும். அன்று சாயங்காலத்துக்குள் கேஸ் கட்டரைப் பிடித்து எட்டு பீமிலும் இருந்த பதினாறு தட்டையும் அறுத்துத் தள்ளிவிட்டார். புதுத் தட்டு ஒன்றுகூட இன்னும் பிறக்கவில்லை.

பிறந்தபோது அழகாகத்தான் இருந்தது. தட்டின் நடுவில் பிளவு விட்ட ஒரு வளையம். அதன் முதுகு ஒரு பக்கம் சரிந்திருக்கும். மேலே பெரிய நட்டைத் திருகினால் வளையம் நெருங்கி பைப்பைக் கவ்விக்கொள்ளும். தளர்த்தினால் தட்டை வேண்டிய இடத்துக்கு நகர்த்தலாம். பழைய பைப் கொஞ்சம் கோணலாக இருந்தாலும் கவலையில்லை. நட்டு தானாகக் கழலாமல் இருக்க மாமா ஒரு வேலை செய்தார். தறி ஓடும்போது பீம் எந்தப் பக்கம் சுற்றுகிறது என்று பார்த்து, சுற்றச் சுற்ற இறுகும்படி மரை வெட்டினார். போட்டு ஷாப்டுக்கு அப்படித்தான் செய்வார்கள். வெறும் பீமைத் தறியில் மாட்டி, நட்டுக்கும் பைப்புக்கும் சேர்த்து சாக்பீஸால் ஒரு கோடு போட்டு ஒரு நாள் முழுக்க ஓட்டினார். கோடு நகரவில்லை. மனிதருக்குத் தலைகால் புரியவில்லை. புவனகிரி கடைத்தெருவில் எல்லோருக்கும் டீ சொன்னார்.

முப்பது இஞ்சுக்குத் தட்டை வைத்து அந்தப் பீமைக் குறிஞ்சிப்பாடிக்கு அனுப்பி, மில்லில் பாவு சுற்றி வாங்கி வந்தோம். தறியில் ஏற்றி லோகநாயகி அக்கா மோட்டாரைப் போட்டார். ஒரு முழம் நன்றாக வந்தது. இரண்டாவது முழத்தில் ஓரத்து நூல்கள் தொய்ந்தன. அப்புறம் பட்டுப் பட்டென்று அறுந்தன. வந்த துணியின் ஓரம் நாயின் காது மாதிரி தொங்கியது. அக்கா மோட்டாரை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தார். தட்டு அரை இஞ்ச் வெளியே தள்ளியிருந்தது. அந்த இடுக்கில் ஓரத்து நூலெல்லாம் இறங்கி ஒன்றோடொன்று சிக்கிக் கிடந்தது. நட்டில் இருந்த கோடு ஒரு இடம், பைப்பில் இருந்த கோடு ஒரு இடம்.

மாமாவின் முகத்தில் ஈயாடவில்லை. "ஓட்டிப் பாத்தனே அக்கா. சுத்தச் சுத்த இறுகத்தானே செய்யணும்?"

லோகநாயகி அக்கா கத்தவில்லை. கையை உருட்டிக் காட்டினார். "தறியில பீம் இப்பிடிச் சுத்தி நூல அவுக்குது. மில்லுல நூல சுத்தறப்போ அப்பிடி இல்ல தம்பி சுத்தும்? எதிர்ப்பக்கம்."

தறியில் சுற்றும்போது இறுகிய நட்டு, மில்லில் எதிர்ப்பக்கம் சுற்றும்போது தளர்ந்திருக்கிறது. மில்லில் நூல் அறுந்தால் நிறுத்துவார்கள், முடிச்சுப் போட்டு மறுபடி ஓட்டுவார்கள். ஒவ்வொரு குலுக்கலுக்கும் நட்டு ஒரு மயிரிழை கழன்றிருக்கிறது. இது ஒரு நெசவாளிக்குத் தோன்றாமல் இருக்காது. எங்கள் பக்கத்துப் பைபர் போட்டு எஞ்சின்களில் ரிவர்ஸ் என்பதே கிடையாது. ஷாப்ட் ஒரு திக்கில் சுற்றும், அவ்வளவுதான். இருபத்தைந்து வருடம் அதையே கடைந்தவருக்கு ஒரு உருளை இரண்டு பக்கமும் சுற்றும் என்பது கனவிலும் வரவில்லை.

"பழைய தட்டு இருந்தாலாவது தறியும் பீமுமா ஓடுற சாமானுன்னு வேற யாருக்காவது வித்திருப்பேன்" என்றார் லோகநாயகி அக்கா. அப்படியே உட்கார்ந்து சிக்கிய நூலை ஒவ்வொன்றாகப் பிரிக்க ஆரம்பித்தார். நான் திரும்பிப் பார்த்தால் மாமாவைக் காணவில்லை. கடலூர் பஸ் ஏறிவிட்டிருந்தார்.

போன் அணைந்து கிடந்தது. மூன்று நாள் பொறுத்துவிட்டு சிங்காரத்தோப்புக்குப் போனேன். மனிதர் வீட்டின் பின்புறம் ஐஸ் உடைக்கும் மிஷின் என்று ஒன்றை ஆரம்பித்திருந்தார்.

"பீம் என்ன ஆச்சு மாமா?"

"அது நமக்கு ஒத்து வராது மச்சான். தறி வேற, போட்டு வேற."

"பதினாறு தட்ட அறுத்தப்போ வேறன்னு தெரியலையா?"

மாமா சுத்தியலை எடுத்துத் தட்டத் தொடங்கினார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. எட்டு பீமையும் ஏற்றியது நான்தானே, அந்தக் குற்றம் உள்ளே குடைந்துகொண்டிருந்தது. நேராகப் பட்டறைக்குப் போனேன். அங்கே தட்டில்லாமல் கிடந்த ஏழு மொட்டை பீம் பைப்பையும் வண்டியில் ஏற்றி வந்து மாமாவின் வீட்டு வாசலில் குறுக்கே அடுக்கினேன். முழங்கால் உயரத்துக்கு நின்றது. தாண்டாமல் உள்ளேயும் போக முடியாது, வெளியேயும் வர முடியாது.

"அக்கா, இத நவுத்தினா அப்பறம் நான் இந்த வீட்டுப் பக்கம் வரமாட்டேன்" என்றேன்.

பவானி அக்கா பைப்பைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "நான் ஏன் நவுத்தறேன்?" என்று புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தாண்டிப் போய்த் தண்ணீர்க் குடத்தை எடுத்து வந்தாள்.

சாதாரண ஆளாக இருந்தால் ஒரு நாளைக்கு நாலு தடவை தாண்டுவான். மாமா ஒரு மணி நேரத்துக்கு நாலு தடவை வாசலுக்கு வருகிறவர். டீக்குத் தாண்டினார், பீடிக்குத் தாண்டினார், சும்மாவும் தாண்டினார். ஒரு தடவை வேட்டி தடுக்கி விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொண்டார். தெருவே வேடிக்கை பார்த்தது. மறுநாள் காலை ஆறு மணிக்கு எனக்குப் போன் வந்தது.

"மச்சான், குறிஞ்சிப்பாடி போவணும். வண்டி எடு."

அன்று நான் கண்டது எனக்கே நம்ப முடியவில்லை. பாவு சுற்றும் மிஷினுக்கு எதிரே ஒரு நூல் மூட்டையின் மேல் மாமா உட்கார்ந்தார். காலை எட்டு மணிக்கு உட்கார்ந்தவர் சாயங்காலம் ஐந்து வரை எழுந்திருக்கவில்லை. கால் மட்டும் ஆடிக்கொண்டே இருந்தது. மிஷின் நிற்பதையும் ஓடுவதையும், நூல் ஏற ஏறத் தட்டை வெளியே தள்ளுவதையும் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் வாங்கி வந்த பொட்டலச் சோற்றையும் உட்கார்ந்தபடியே தின்றார்.

திரும்பி வரும்போது ஆலப்பாக்கம் ரயில்வே கேட்டில் வண்டி நின்றது. "சுத்துற திக்குலயே மரை இருக்கக் கூடாது மச்சான்" என்றார் திடீரென்று. "நட்டே வேணாம். மூணு போல்ட்ட நீளவாட்டுல போட்டு வளையத்த உள்ள இழுத்துட்டா, அது எந்தப் பக்கம் சுத்துனா நமக்கென்ன?" கேட் திறந்து பின்னால் ஹாரன் அடிக்கும் வரை நான் வண்டியை எடுக்கவில்லை.

முதல் ஜோடிக்கு நாலு நாள் ஆனது. மில்லுக்கு அனுப்பினோம். மாமா கூடவே நின்று ஒவ்வொரு தடவை மிஷின் நின்றபோதும் சாக்பீஸ் கோட்டைக் குனிந்து பார்த்தார். மில்காரர் கடைசியில் "யோவ், கொஞ்சம் ஒத்தி நில்லுய்யா" என்று விரட்டினார். தறியில் ஏற்றிய அன்று ஆனி பத்து. லோகநாயகி அக்கா மோட்டாரைப் போட்டதும் மாமா கொட்டகைக்கு வெளியே போய்விட்டார். அவரால் பார்க்க முடியவில்லை. வெளியே நடந்துகொண்டே இருந்தார்.

பதினோரு மணிக்கு சாமிக்கண்ணுவின் லாரி வந்தது. "எந்தத் தறிய மொதல்ல கழட்டறது?" என்று கேட்டுக்கொண்டே அவர் உள்ளே வந்தார். லோகநாயகி அக்கா நெய்திருந்த துண்டை அறுத்து எடுத்து நீளவாட்டில் இரண்டாக மடித்தார். இரண்டு ஓரமும் ஒன்றின் மேல் ஒன்று நேராக உட்கார்ந்தன. அதை விரலால் நீவிவிட்டு, "இரும்பு இருக்குண்ணே. ஆனா தறி இல்ல" என்றார். பட்டறையிலிருந்து நான் வண்டியில் ஏற்றி வந்திருந்த பதினாறு பழைய தட்டுகளைக் காட்டினார். சாமிக்கண்ணு முனகிக்கொண்டே அவற்றைப் பொறுக்கிப் போட்டுக்கொண்டு போனார்.

அக்கா வெளியே வந்து துண்டை மாமாவின் தோளில் போட்டார். "தம்பி, இன்னும் பதினாலு தட்டு இருக்கு. திருமஞ்சனத்துக்கு மூணு வாரந்தான்."

மாமா வாழ்க்கையில் செய்த பொருளையே மறுபடி செய்ததில்லை. ஷாப்ட்கூட ஒவ்வொரு போட்டுக்கும் ஒவ்வொரு அளவு. அவர் ரோட்டைப் பார்த்தார். தூரத்தில் கடலூர் பஸ் வந்துகொண்டிருந்தது. நானும் பஸ்ஸைப் பார்த்தேன். அது நின்று, ஆளை ஏற்றிக்கொண்டு போயிற்று.

"வண்டிய எடு மச்சான்" என்றார். "பைப்பு வாசல்லதான கெடக்கு."

வாசலிலிருந்து ஒவ்வொரு பைப்பாகப் பட்டறைக்குப் போயிற்று. திட்டிக்கொண்டே செய்தார். எட்டாவது தட்டில் சுத்தியலை விட்டெறிந்தார்; டீ குடித்துவிட்டு வந்து ஒன்பதாவதை எடுத்தார். பதினாறாவது தட்டு முடிந்து கடைசிப் பைப்பை நான் வண்டியில் ஏற்றியபோது திருமஞ்சனத்துக்கு ஐந்து நாள் இருந்தது. புவனகிரியில் நாலு தறியும் ஓடிக்கொண்டிருந்தன.

பீமை இறக்கிவிட்டு மாமாவை வீட்டில் விடப் போனேன். வாசல் காலியாக இருக்கும் என்று நினைத்தோம். பவானி அக்கா பின்புறத்திலிருந்து எதையோ தரதரவென்று இழுத்து வந்துகொண்டிருந்தாள். இறால் உரிக்கும் டிரம். கோழிகள் கூச்சல் போட்டுக்கொண்டு பின்னாலேயே ஓடிவந்தன. அதை வாசலுக்குக் குறுக்கே சரியாக நிறுத்தி, கையைத் தட்டிக்கொண்டு நிமிர்ந்தாள். அவள் கண் கலங்கியிருந்தது, சிரிப்பும் வந்துகொண்டிருந்தது.

"இதையும் முடிச்சுட்டு அப்பறம் தாண்டுய்யா" என்றாள்.

மாமா தோளில் கிடந்த துண்டால் முகத்தைத் துடைத்தார். குனிந்து டிரம்முக்குள் தலையை விட்டுப் பார்த்துவிட்டு, "மச்சான், வண்டியில ஸ்பேனர் இருக்கா?" என்று கேட்டார்.