மீடியம் அளவுக்கு ஓர் உடம்பு

சோற்றை நிறுத்தினால் உடம்பு தானாக இளைத்துவிடும் என்று யாராவது என் எதிரில் ஆரம்பித்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அதைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மூக்குப் பிடிக்கத் தின்கிறவர்களாகவே இருப்பார்கள். எனக்கு அந்த உபதேசத்தை முதலில் செய்தவர் நான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் முதலாளி. காலையில் நெய் ரோஸ்ட் சாப்பிட்டுவிட்டு வந்து, உட்கார்ந்த சூட்டோடு முட்டை பப்ஸ் வாங்கிவரச் சொல்கிற மனிதர்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. திருப்பூரில் நேற்றுவரை உள்ளூருக்குக் கைவைத்த பனியன் தைத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் போர்டில் 'எக்ஸ்போர்ட்ஸ்' என்று ஒரு வார்த்தையைச் சேர்த்துக்கொண்டு வெளிநாட்டுக்காரர்களைத் தேடிப் போனார்கள். எங்கள் முதலாளியும் அப்படிச் சேர்த்துக்கொண்டவர்தான். நான் சேவூர்ப் பக்கத்திலிருந்து பஸ் ஏறி வந்து அங்கே செக்கிங்கில் நின்றேன். தைத்து வருகிற பீஸைப் புரட்டிப் பார்த்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் கண்டுபிடிக்கிற வேலை. நாள் முழுக்க நிற்க வேண்டும். கால் வீங்கிப் போய் செருப்புக்குள் நுழையாது.

பெண்களுக்கான நைட்டி ஆர்டர் ஒன்று வந்தபோதுதான் என் தலையெழுத்து மாறியது. தைத்த சாம்பிள் உடம்பில் எப்படி உட்காருகிறது என்று பார்க்க ஒரு டம்மி, ஆள் அளவுக்கு ஒரு பொம்மை, வேண்டும். டம்மிக்குச் செலவு செய்ய முதலாளிக்கு மனசு வரவில்லை. செக்கிங்கில் இத்தனை பொம்பளைகள் சும்மாதானே நிற்கிறார்கள் என்று எங்களை வரிசையாக நிறுத்தி, தையல்காரப் பெண்ணைவிட்டு டேப் பிடிக்கச் சொன்னார். வெளிநாட்டுக்காரர்கள் அனுப்பிய அளவில் மீடியம் சைஸுக்கு அச்சாக என் உடம்பு பொருந்தியது. அன்றைக்கே எனக்கு சாம்பிள் ரூமில் ஒரு நாற்காலியும் தலைக்கு மேல் ஒரு ஃபேனும் கிடைத்தன. பெயரும் மாறியது. 'மீடியத்தைக் கூப்பிடு' என்றால் நான் எழுந்து போவேன்.

தடுப்புக்குப் பின்னால் போய்ப் பாவாடைக்கு மேல் நைட்டியை மாட்டிக்கொண்டு வந்து நிற்பேன். தையல்காரப் பெண் பின் குத்துவாள். முதலாளி தள்ளி நின்று கழுத்தைச் சாய்த்துப் பார்ப்பார். துணியைத்தான் பார்ப்பார், அந்த விஷயத்தில் அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் கண்ணுக்கு நைட்டிக்குள் ஆள் இருப்பதே தெரியாது.

பிறகு எனக்குக் கல்யாணம் ஆனது. மூன்று வருஷமாகியும் குழந்தை தங்கவில்லை. என் மாமியாருக்கு அதற்கு ஒரே ஒரு வைத்தியம்தான் தெரியும். "ஒடம்புல சத்து இருந்தாத்தான் கண்ணு வயித்துல ஒண்ணு தங்கும்" என்று நெய்யும் வெல்லமும் எள்ளுருண்டையுமாக என்னைத் தேற்றினார். வயிற்றில் எதுவும் தங்கவில்லை, இடுப்பில் தங்கியது. மீடியம் நைட்டி என் மேல் ஏறி இடுப்பில் நின்றுகொண்ட நாளில் முதலாளி டேப்பைத் தானே வாங்கிப் பார்த்தார்.

"ஏனம்மிணி, இந்த ஒடம்ப வச்சுட்டு ஆர்டர் குடுத்த வெளிநாட்டு மேடத்துக்கு எப்படிக் காட்டறது? துணியா இருந்தா காம்பாக்டிங் மிஷின்ல விட்டுச் சுருக்கி அளவுக்குக் கொண்டாந்துருவேன். நீதான் கொறைச்சுக்கோணும்."

"எப்படிங்க கொறைக்கறது?"

"இதென்ன கேள்வி? சோத்த நிறுத்து. உள்ள போனாத்தான ஏறும்? மேடம் வர்றதுக்குள்ள கொறையிலீன்னா நீ செக்கிங்குக்கே போயிக்க. நான் வேற புள்ளையப் பாத்துக்கறேன்."

நான் அந்த நாற்காலியை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. வீட்டில் சொன்னேன். நாற்காலி போய்விடும் என்றதும் மாமியாரின் வைத்தியம் ஒரே இரவில் தலைகீழானது. நெய்ச் சட்டி உறிக்குப் போனது. "கொள்ளு வேகவச்ச தண்ணியக் குடி கண்ணு, போதும். குதிரையே கொள்ளுலதான ஓடுது?" என்றார். குதிரை கொள்ளைத் தின்கிறது, அது வெந்த தண்ணீரை மட்டும் குடித்துவிட்டு ஓடுவதில்லை என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

காலையில் வெறும் டீ. மத்தியானம் கொள்ளுத் தண்ணீர். இரவில் அரைத் தோசை. அதுதான் என் சாப்பாடு. சனிக்கிழமை சம்பளத்துக்கு முன்னால் தையல்காரப் பெண் எனக்கு டேப் பிடிப்பாள். தெற்கே திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள், நல்ல மனசுக்காரி. "எக்கா, இடுப்பு எறங்கிட்டுக்கா!" என்று கத்துவாள். சாம்பிள் ரூமே கை தட்டும். வேலை செய்ததற்கு அந்தக் கம்பெனியில் யாரும் எனக்குக் கை தட்டியதில்லை. சாப்பிடாமல் இருந்ததற்குத் தட்டினார்கள்.

சில வாரம் கழித்து டேப் நின்றுவிட்டது. எத்தனை பட்டினி கிடந்தாலும் நூல் அளவுகூட இறங்கவில்லை. முதலாளி என்னைச் சந்தேகமாகப் பார்த்தார், ஏதோ நான் கக்கூஸில் ஒளிந்து லட்டு தின்கிறவள் மாதிரி. "திருட்டுத்தனமா திங்கறயா?" என்று கேட்கவும் கேட்டார். நான் அந்த அரைத் தோசையையும் நிறுத்தினேன். சித்திரை வெயிலில் ஊரே விசிறிக்கொண்டிருக்க, எனக்கு ஃபேன் காற்று குளிர்ந்தது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி. பஸ் படி ஏறினால் முழங்கால் நடுங்கும். யார் என்ன கேட்டாலும் எரிந்து விழுந்தேன். உறவில் ஒரு காதுகுத்து விருந்துக்குப் போனபோது இலையில் விழுந்ததை எல்லாம் மாடு மாதிரி தின்றேன். பக்கத்து இலைக்காரி தள்ளி உட்கார்ந்தாள். அடுத்த நாள் அதற்குத் தண்டனையாகத் தண்ணீரைத் தவிர எதையும் தொடவில்லை.

மாசாமாசம் வருவதும் நின்றுபோனது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உள்ளுக்குள் ஒரு ஆசை இருந்தது, அதை வாய்விட்டுச் சொன்னால் கலைந்துவிடுமோ என்று பயந்தேன்.

மேடம் வந்தார். கண்ணாடியைக் கழுத்தில் தொங்கவிட்ட பெரிய உடம்புக்கார அம்மாள். அந்த உடம்பைப் பார்த்து யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆர்டர் கொடுக்கிற உடம்பு எந்த அளவில் இருந்தாலும் அழகுதான். ஏசி ரூமில் நான் நைட்டியோடு நின்றேன். டேப் சரியாக மீடியம் என்றது. முதலாளியின் முகத்தில் சிரிப்பு. ஆனால் நைட்டி என்மேல் கொடியில் காயப்போட்டது போலத் தொங்கியது. சோறில்லாத உடம்பில் முதலில் வற்றியது தோளும் கையும். இடுப்பு கடைசிவரை அடம் பிடித்துத்தான் இறங்கியது. மேடம் என் தோளில் துணியை இழுத்துப் பார்த்து, "டூ வைட்" என்று ஒரு பின் குத்தினார். அக்குளைச் சுற்றி வருகிற கைக்குழியைப் பிடித்துச் சுருக்கி இன்னொரு பின்.

"எஸ் மேடம்" என்றார் முதலாளி. நைட்டியின் தோள் அகலமாக இருக்கிறதா, ஆள் ஒடுங்கிப்போய் நிற்கிறாளா என்று அந்த இரண்டு பேருக்கும் யோசனை போகவில்லை. வருஷக்கணக்காக என்மேல் பொருந்திய தோள் அளவு அது. மேடம் அடுத்த பின்னை எடுத்தபோது எனக்குத் தரை வெள்ளையாகத் தெரிந்தது. அப்புறம் எதுவும் தெரியவில்லை.

கண் திறந்தபோது தையல்காரப் பெண் குளுக்கோஸைக் கரைத்து என் வாயில் ஊற்றிக்கொண்டிருந்தாள். நம் ஊரில் கல்யாணமான பொம்பளை மயங்கி விழுந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். "எக்கா, மாசமா இருக்கியளோ?" என்று அவள் என் காதோரம் கேட்டது கம்பெனி முழுக்கப் போய்விட்டது. முதலாளி வந்து நின்றார். "ஏனம்மிணி, ஆர்டர் முடியற வரைக்கும் பொறுக்கக் கூடாதா?" என்றார். என் வயிறு பெரிதாகிவிடுமே என்று அவருக்குக் கவலை.

அன்று ராத்திரி மாமியார் நாள் கணக்குக் கேட்டார். சொன்னேன். உறியிலிருந்து நெய்ச் சட்டி இறங்கியது. சாமி படத்துக்கு முன்னால் விளக்கேற்றிவிட்டு என் தலையைத் தடவினார். நானும் நம்பினேன். விடிய விடிய வயிற்றில் கை வைத்துக்கொண்டே படுத்திருந்தேன்.

மறுநாள் மாமியாரே என்னை ஒரு லேடி டாக்டரிடம் கூட்டிப்போனார். அந்த அம்மாள் பரிசோதித்தார், என் கண்ணிமையை இழுத்துப் பார்த்தார், என்ன சாப்பிடுகிறேன் என்று கேட்டார். கொள்ளுத் தண்ணீர் வரைக்கும் சொன்னேன். பேனாவை மேஜைமேல் வைத்துவிட்டார்.

"வயித்துல கொழந்தையும் இல்லீங்க, சோறும் இல்லீங்க" என்றார். "நீங்க சும்மா படுத்திருந்தாலே இருதயம் அடிக்கோணும், மூச்சு விடோணும். அதுக்கெல்லாம் கலோரி வேணுமுங்க. அதுகூடக் குடுக்காட்டி ஒடம்பு தன்னோட சதையையே எடுத்து எரிக்கும். பொறவு ஒவ்வொரு வேலையா நிறுத்தும். முடி வளர்றத நிறுத்தும், மாசாமாசம் வர்றத நிறுத்தும். உசுரோட இருக்கறதே பெரும்பாடா இருக்கறப்ப அதுக்குக் கொழந்தை எதுக்குங்க?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. ஒரு ராத்திரி முழுக்க நான் தடவிக்கொண்டு படுத்திருந்தது வெறும் பசியை. ஒரு நாற்காலிக்காக நான் எதைப் பணயம் வைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

"இளைக்க வேண்டாம்னு சொல்லலீங்க. வேளைக்கு உண்டுட்டு, மெதுவா இளைங்க" என்று அனுப்பினார். பஸ்ஸை விட்டு இறங்கியதும் மாமியார் கடைக்குப் போய் முட்டை வாங்கினார்.

சாப்பிட ஆரம்பித்தேன். ராகிக் களி, பாசிப்பயறு, கீரை, முட்டை, மோர். எள்ளுருண்டையும் கம்பெனி டீயோடு வருகிற பஜ்ஜியும் வேண்டாம் என்றேன். பஸ் ஸ்டாண்டிலிருந்து கம்பெனிக்கு நடந்தேன். இடுப்பு ஏறவில்லை, மெல்ல மெல்ல இறங்கவே செய்தது. தோளில் சதை திரும்பியது. மாசாமாசம் வருவதும் திரும்பியது. கை தட்ட யாரும் இல்லை.

அதற்குள் மேடம் குத்திய பின்களின்படி, துணி வெட்டுகிற பேட்டர்னைத் திருத்திவிட்டார்கள். மொத்த ஆர்டரையும் வெட்டுவதற்கு முன்னால் கடைசியாக ஒரு மீடியம் பீஸைப் போட்டுப் பார்க்கச் சொன்னார்கள். மாட்டினேன். கைக்குழி கடித்தது. தோளில் துணி இழுத்துக்கொண்டு நின்றது. கையைத் தூக்கினால் தையல் முனகியது.

"இது நான் மயங்கி விழுந்தன்னைக்கு எடுத்த அளவுங்க" என்றேன். "சோறு திங்கறவங்களுக்கு இது பத்தாதுங்க."

"அளவு மேடம் ஓகே பண்ணுனது" என்றார் முதலாளி. "அதுல தப்பு வராது. நீ மறுபடியும் திங்க ஆரம்பிச்சுட்ட, அதான். சித்த நாளைக்குப் பழைய மாதிரி இரு. நீ இதப் போட்டு நிக்கறத மேடத்துக்குப் போட்டோ எடுத்து அனுப்பிட்டா அப்பறம் நீ என்ன வேணாலும் தின்னுக்க."

"இருக்க மாட்டனுங்க" என்றேன். முதலாளியிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. குரல் நடுங்கவில்லை, வயிற்றில் சோறு இருந்தது.

அடுத்த வாரமே டம்மி வந்து இறங்கியது. தலை கிடையாது, வாய் கிடையாது, சாப்பிடவே சாப்பிடாது. முதலாளிக்கு ஏற்ற ஆள். நான் திரும்பவும் செக்கிங்கில் நின்றேன். அதே நைட்டிகள்தான் மலை மலையாக என் மேஜைக்கு வந்தன. டேப் வைத்தால் அளவு சரி, ஆகவே பாஸ் போட வேண்டும். இந்த லட்சணத்தில் எனக்குப் பெயர் செக்கர்.

வெளிநாட்டில் பொம்பளைகள் சாப்பிடுகிறார்கள் போலிருக்கிறது. கைக்குழி பிடிக்கிறது, கை ஏறவில்லை என்று புகார் வந்து, அனுப்பாமல் மிச்சமிருந்ததை எல்லாம் மேடம் வேண்டாம் என்றுவிட்டார். முதலாளி அதை வெள்ளைக்காரர்களின் சூழ்ச்சி என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு அதற்கடுத்த வருஷம் மகள் பிறந்தாள்.

அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு ஒருநாள் எக்ஸ்போர்ட் மிச்சத்தைக் குவித்து விற்கிற பிளாட்பாரக் கடையில் நின்றேன். குவியலில் அந்த நைட்டிகள் கிடந்தன. கம்பெனி வேலை முடிந்து வந்த ஒரு பெண், நல்ல வாட்டசாட்டமான உடம்பு, ஒன்றை எடுத்துச் சுடிதாருக்கு மேல் மாட்டிப் பார்த்தாள். கை பாதியில் நின்றது. கழுத்துப்பட்டியைத் திருப்பி மீடியம் என்று எழுதியிருப்பதைப் படித்தாள். அவள் முகம் சுருங்கியது. "மீடியமே ஏற மாட்டேங்குது. இனி ராத்திரிச் சோறு கெடையாது எனக்கு" என்றாள் கூட வந்தவளிடம்.

எனக்குப் பொறுக்கவில்லை. "கண்ணு, உன்ற ஒடம்புல ஒரு கொறையும் இல்ல. அது பட்டினி கெடந்தவ ஒடம்புல அளவெடுத்து வெட்டுனது. அந்தப் பட்டினி கெடந்தவ நாந்தான். போயி வயிறார உண்ணு" என்றேன்.

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு மரியாதையாகச் சிரித்தாள்.

"பரவால்லீங்க்கா. இளைச்சுட்டுப் போட்டுக்கறேன்" என்று சொல்லி, அந்த நைட்டியையே வாங்கிக்கொண்டு போனாள்.