முட்டி எங்கே இருக்கிறது

கடைத்தெருக் கோடியில் கிழிந்த துணி தைத்துக் கொடுக்கும் மாஸ்டருக்கு ஊரார் சூட்டிய பட்டம் 'எப்படி'. கிழிந்த கால்சட்டையோடு யார் படியேறினாலும் கூலி சொல்ல மாட்டார், என்றைக்குக் கிடைக்கும் என்றும் சொல்ல மாட்டார். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, "எப்படி விழுந்தீங்க?" என்பார்.

பைக்கிலிருந்து விழுந்தவர்களுக்கு இதைவிட இனிமையான கேள்வி உலகத்தில் கிடையாது. வீட்டில் அத்தனை பேரும் "பாத்துப் போகக் கூடாதா?" என்றுதான் கேட்டிருப்பார்கள். இவர் ஒருவர்தான் விழுந்தவனை ஒரு நிபுணராக மதித்துக் கேட்கிறார். நாய் குறுக்கே வந்ததில் ஆரம்பித்து, நாயின் நிறம், அது திரும்பிப் பார்த்த பார்வை வரைக்கும் விலாவாரியாகச் சொல்வார்கள்.

மாஸ்டருக்கு நாய் முக்கியமில்லை. எந்தப் பக்கம் சாய்ந்தார், எது முதலில் தரையைத் தொட்டது, எவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு போனது, அவ்வளவுதான் வேண்டும். பிறகு துணியை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து ஜோதிடர் கட்டம் பார்ப்பதுபோல் பார்ப்பார். ஒவ்வொருவரும் தான் ஒரு புதுமாதிரியாக விழுந்ததாகத்தான் நினைத்திருந்தார். கிழிந்ததென்னவோ பெரும்பாலும் அதே இடங்கள்: முட்டி, முழங்கை, இடுப்பெலும்பின் வெளிப்பக்கம். அதிலும் துணி தேய்வதற்கு முன்னால் தையல் பிரிந்துவிடுகிறது. தன் தொழிலின் மானமே நடுரோட்டில் பிரிவதாக அவருக்கு அது பட்டது.

"தலைக்கு ஹெல்மெட் பண்றவன் இருக்கான்," என்பார் பக்கத்து டீக்கடைக்காரரிடம். "கழுத்துக்குக் கீழ யாருய்யா பொறுப்பு?"

"கடவுள்தான்."

"அவருக்குத் தைக்கத் தெரியாதே!"

இந்த ஆராய்ச்சி ஊர் நலனுக்காக என்று மாஸ்டர் வெளியே சொல்லிக்கொண்டார். உண்மை வேறு. அவர் மனைவிக்குப் பண்ணை பண்ணையாகப் போய் மாடுகளுக்குத் தடுப்பூசி போடும் வேலை. பைக்கில்தான் போவார்; பாதி வழி தார், மீதி வழி சரளைக்கல். ஹெல்மெட் போட்டு, தாடைக்கடியில் பட்டையையும் மாட்டிக்கொள்கிற பெண்மணிதான். ஆனால் கழுத்துக்குக் கீழே ஊதினால் பறக்கும் பருத்திச் சட்டை, கால்சட்டை. தினமும் காலையில் அவர் தெருமுனை திரும்பும்போது மாஸ்டரின் மனசு அந்தக் கால்சட்டையை இடம் இடமாகக் கிழித்துப் பார்க்கும். அன்றைக்கு முழுவதும் ஊசியில் நூல் கோர்க்கவே கை வராது.

எனவே ஒரு உடுப்பு தைத்தார். தடித்த ஜீன்ஸ் துணி, விழுகிற இடங்களில் இரட்டை மடிப்பு. வெளிப்பக்கம் வரவேண்டிய தையலை உள்பக்கமாக நகர்த்தி மூன்று ஓட்டு ஓட்டினார். முட்டிக்கும் முழங்கைக்கும் இடுப்புக்கும் உள்ளே பை வைத்து, கெட்டியான நுரைப்பட்டையைச் செருகினார். கைக்குத் தோல் உறை மட்டும் கடையில் வாங்கினார்.

மனைவி போட்டுப் பார்த்துக் கண்ணாடி முன்னால் நின்றார்.

"என்னங்க, மெத்தைக்கு உறை தச்சீங்களா, எனக்குத் தச்சீங்களா?"

"பாதுகாப்பும்மா."

"மாடு பார்த்தா மிரளும். மொதல்ல இது வேலை செய்யுமான்னு காட்டுங்க. அப்புறம் போட்டுக்கறேன். ஒரு தடவை ஏமாத்திச்சுன்னா திரும்பத் தொட மாட்டேன், சொல்லிட்டேன்."

நிரூபணம் கேட்டால் விஞ்ஞானி பின்வாங்கலாமா? மாஸ்டர் அதே துணியில், அதே முட்டிப்பட்டையோடு, ஒற்றைக் கால் ஒன்று தைத்தார். மணலை அடைத்து, கீழ்முனையில் ஒரு பழைய செருப்பையும் கட்டினார். செருப்பு அறிவியலுக்கு அவசியமில்லை; கால் என்றால் மரியாதையாக இருக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. கயிற்றால் அதை மனைவியின் பைக்குக்குப் பின்னால் கட்டி, ஆளில்லாத கிடங்குச் சாலையில் இழுத்துப் போகச் சொன்னார்.

ஆளில்லாத சாலையில் எங்கிருந்துதான் வந்தார்களோ!

"யாரு கால் அது?" என்றார் லாரி டிரைவர் ஒருவர்.

"கூலி தராதவன் கால்," என்றார் கூடவே வந்திருந்த டீக்கடைக்காரர்.

கால் வெற்றி பெற்றது. வெளித்துணி சிராய்ந்து வெளுத்ததே தவிர முட்டிப்பட்டை அசையவில்லை, தையல் ஒன்றும் விடவில்லை. மாஸ்டர் அதைக் குழந்தைபோல் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு நடந்தார். மனைவியும் சொன்ன சொல் தவறாமல், மறுநாளிலிருந்து உடுப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.

அந்த வாரமே விழுந்தார்.

பெரிய விழுதல் இல்லை. ஒரு பண்ணை வாசலில், சரளையில் திரும்பும்போது முன்சக்கரம் வழுக்கியது. மெதுவாகத்தான் போனார். ஆனாலும் வலது பக்கமாகச் சாய்ந்து கொஞ்ச தூரம் தேய்ந்துவிட்டார். நொண்டிக்கொண்டு கடைக்குள் நுழைந்தவரைப் பார்த்ததும் மாஸ்டர் ஓடிவந்து, குனிந்து, கால்சட்டையைத் தடவிப் பார்த்து, "எப்படி விழுந்த?" என்றார்.

"பொண்டாட்டி முட்டி பேந்து வந்திருக்கு. துணியைத் தடவறீங்க?"

அவர் பதறிப்போய் நாற்காலி இழுத்துப் போட்டார், தண்ணீர் கொண்டுவந்தார், காயத்தில் ஒட்டியிருந்த கல்துகள்களைக் கழுவினார். உள்ளங்கை தப்பியிருந்தது, உறை காப்பாற்றிவிட்டது. இடுப்பில் கன்றிப்போனதோடு சரி. முட்டிதான் துணி நைந்து, தோல் உரிந்து, பார்க்கச் சகிக்கவில்லை. நுரைப்பட்டையோ புத்தம் புதிதாக இருந்தது.

"உங்க பட்டை ரொம்பப் பிரமாதம்," என்றார் மனைவி. "தொடைல ஒரு கீறல் இல்ல. நாளையிலேருந்து பழைய பேண்ட்தான்."

தொடையிலா? மாஸ்டருக்குச் சுருக்கென்றது. நாற்காலியில் கால் மடக்கி உட்கார்ந்திருந்த மனைவியைப் பார்த்தார். பட்டை முட்டிக்கு மேலே, ஒரு சாண் தள்ளி, யாருக்கோ வந்த விருந்தாளிபோல் தொடையில் உட்கார்ந்திருந்தது.

"கொஞ்சம் எழுந்திரும்மா."

"எழுந்திருக்கற நெலமையா இது?"

"ஒரே ஒரு தடவை."

திட்டிக்கொண்டே எழுந்தார். பட்டை சமர்த்தாகக் கீழிறங்கி முட்டியில் வந்து நின்றது. உட்காரச் சொன்னார், மேலே ஏறியது. கையை முன்னால் நீட்டச் சொன்னார். முழங்கைப் பட்டை மேல்கைக்குப் போய்விட்டது.

மாஸ்டர் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். தொழிலுக்கு வந்த நாள் முதல் அவர் அளவெடுத்த மனிதர்கள் எல்லோரும் நின்றார்கள். 'நேரா நில்லுங்க, கையைத் தொங்கப்போடுங்க' என்பதுதான் அவர் வாயில் முதலில் வரும் வார்த்தை. மணல் அடைத்த காலும் விறைப்பாக நீட்டிக்கொண்டுதான் போனது. பைக்கில் போகிறவன் எவன் நின்றுகொண்டு போகிறான்?

"தப்பு என் மேலதான்," என்றார். "நான் உனக்குத் தைக்கல. கண்ணாடி முன்னாடி நிக்கற ஒரு பொம்பளைக்குத் தச்சிருக்கேன்."

மனைவி காயம்பட்ட முட்டியைப் பார்த்தார். அதைவிட மோசமாகியிருந்த கணவர் முகத்தையும் பார்த்தார்.

"இன்னும் ஒரு தடவைதான் போட்டுப் பாப்பேன்," என்றார்.

முட்டி ஆறியதும், கடை வாசலில் பைக்கை நடு ஸ்டாண்டில் நிறுத்தி, மனைவியை ஏற்றி உட்காரவைத்து, கைப்பிடியைப் பிடிக்கச் சொல்லி அளவெடுத்தார். சாக்பீஸால் முட்டிக்கு ஒரு வட்டம், முழங்கைக்கு ஒரு வட்டம்.

"மாஸ்டர், பைக்குக்குச் சட்டையா?" என்றார் டீக்கடைக்காரர்.

"ஏங்க, வலது பக்கம் திரும்பற மாதிரி சாயட்டுமா?" என்றார் மனைவி. அவருக்கும் அந்த வியாதி தொற்றியிருந்தது.

புதிய உடுப்பில் முழங்கால் மடிந்தபடியே வெட்டு விழுந்தது. பட்டைக்கு மேலும் கீழும், அது ஊர்சுற்றப் போகாதபடி, உள்ளே அகலமான எலாஸ்டிக் பிடித்தது. நிற்கும்போது பார்க்கக் கொஞ்சம் அசிங்கம்தான். முட்டிக்கு முன்னால் துணி பொதபொதவென்று தொங்கியது. ஒரு தையல்காரர் பெருமையோடு செய்த முதல் பொதபொதப்பு அதுவாகத்தான் இருக்கும்.

மனைவி அதைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போனார். நல்லதாகவும் சொல்லவில்லை, கெட்டதாகவும் சொல்லவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றினார், கையுறையைக் கழற்றினார், முகம் கழுவினார், நேராகச் சாப்பாட்டு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். உடுப்பு உடம்பிலேயே இருந்தது. போட்டிருப்பதையே மறந்துவிட்டிருந்தார். பண்ணைக்காரர் ஒருவர் மாட்டைக் கட்டிவைக்காமல் தூங்கப்போன கதையைச் சொல்லி வைதுகொண்டே சாப்பிட்டார்.

மாஸ்டருக்குக் கேள்வி தொண்டைவரை வந்து முட்டியது. கேட்டால் ஞாபகம் வந்துவிடும். ஞாபகம் வந்தால் புழுக்கம் தெரியும். வாழ்க்கையில் முதல்முறையாக 'எப்படி'யை விழுங்கினார். ஆனால் கண் கேட்கவில்லை, மெதுவாகக் குனிந்தார்.

"மேசைக்கு அடியில என்ன தேடறீங்க?"

"ஊசி விழுந்துடுச்சும்மா."

"வீடு பூரா ஊசியைப் போட்டு வையுங்க," என்று மனைவி காலை மடக்கி, நகர்த்தி, வழிவிட்டார்.

பட்டை முட்டியிலேயே இருந்தது.

"கெடச்சுதா?"

"கெடச்சுது," என்றார் மாஸ்டர் மேசைக்கு அடியிலிருந்தே.