ராணியைக் குடுத்தால் மூண்டில முடிக்கலாம்

இன்று பூநகரி பஸ்ஸில், துணுக்காயில் இருக்கும் நண்பன் அனுப்பிய சதுரங்கப் புதிரை போனிலுள்ள செஸ் புரோகிராமில் போட்டுப் பார்த்தேன். விடை வந்ததும் அவனுக்குக் கோல் எடுத்தேன்.

"மச்சான், ராணியைக் குடுத்தால் மூண்டில முடிக்கலாம்."

பக்கத்துச் சீற்றில் இருந்த, முன்பின் தெரியாத அம்மா ஒருவர் திரும்பினார்.

"மூண்டாம் திகதியோ தம்பி கலியாணம்? பொம்பிளைக்குச் சம்மதமோ?"

சிரிப்பை அடக்கிக்கொண்டு திரையைக் காட்டினேன். ராணியை வெட்டக் கொடுத்தால் மூன்றே நகர்வில் எதிரி ராஜா அகப்படுவார், அதுதான் மிகக் குறுகிய வழி என்றேன்.

அவருக்குப் பிடிக்கவில்லை.

"அவவைக் குடுக்காமல் முடிக்கேலாதோ எண்டு உந்தப் போனைக் கேளும்."

கேட்டேன். முடியுமாம். ஐந்து நகர்வு ஆகுமாம்.

"அப்ப அஞ்சில வையும். என்ன அவசரம்?"

திகதி தள்ளிப்போனதை நண்பனுக்கு நான் எப்படிச் சொல்ல? பொம்பிளை வீட்டுக்காரர் ஆராவது இருந்தால் வந்து கதையுங்கோ.