கொள்ளிடத்து மணலில் இல்லாத செயின்

மலர்க்கொடிக்கு ஸ்ரீரங்கத்தில் மூன்று வீட்டு வேலை. கீழச்சிந்தாமணியிலிருந்து காலையில் பஸ் பிடித்து, பாலம் தாண்டி, அம்மா மண்டபத்தில் இறங்குவாள். மூன்றில் யமுனா மாமி வீடுதான் அவளுக்கு ரொம்பப் பழக்கம். ரிட்டயர்டு டீச்சர், தனி ஆள். மாமி வெளியூர் போனால் வீட்டுச் சாவி மலர்க்கொடியிடம்தான் இருக்கும்.

துறையூரில் ஒரு கல்யாணத்துக்குப் போய்வந்த மாமி, இரண்டு நாள் கழித்து பீரோவைத் திறந்தபோது ரெட்டை வடச் செயினைக் காணோம். வீட்டைப் புரட்டித் தேடினார்கள். மலர்க்கொடியும் கட்டிலுக்கு அடியில் படுத்துத் தேடினாள். மறுநாள் அவள் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் போலீஸ் வந்து நின்றாள்.

"சும்மா விசாரணைதான். ரெண்டு வார்த்தை கேட்டுட்டு விட்டுருவாங்க."

மலர்க்கொடி கை நுரையோடு மாமியைத் திரும்பிப் பார்த்தாள். "போய் இருக்கறதைச் சொல்லிட்டு வா, பயப்படாதே" என்றார் மாமி. ஆனால் அவள் முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை.

ஸ்டேஷனுக்குப் பின்னால், பிடித்துப் போட்ட பைக்குகளுக்கு நடுவே ஓர் அறை. அங்கே எஸ்.ஐ. நாற்காலியில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். கையை உபயோகித்தவள் அந்தப் பெண் போலீஸ். மலர்க்கொடியின் விரல்களுக்கு நடுவே பேனாக்களைச் செருகி, மேலிருந்து சேர்த்துப் பிடித்து நெரித்தாள். உள்ளங்காலில் லத்தி விழுந்தது. முதலில் "நான் எடுக்கலைங்க" என்று சொன்னாள். பிறகு கத்தினாள். பிறகு வார்த்தையே வரவில்லை. அடியைவிட, நடுவில் அவர்கள் நிறுத்திவிட்டு டீ குடித்ததுதான் அவளை அதிகம் நடுங்க வைத்தது. டம்ளரைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டால் மறுபடி ஆரம்பிக்கப் போகிறார்கள் என்று அர்த்தம்.

"எடுத்தேங்க" என்று சொல்லிவிட்டாள்.

அதோடு விட்டுவிடுவார்கள் என்றுதான் சொன்னாள். எஸ்.ஐ. நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "எங்க வச்சிருக்க? யார்கிட்ட குடுத்த?"

இல்லாத செயினை எங்கிருந்து எடுத்துக் கொடுப்பது? பக்கத்து வீட்டு ஜீனத்தின் பெயர் நாக்கு நுனி வரை வந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் கதவைத் தட்டி எழுப்புகிற அளவுக்கு உரிமையுள்ள ஒரே மனுஷி அவள்தான். அதனாலேயே அந்தப் பெயர் முதலில் வந்தது. அதை விழுங்கிவிட்டு, "கொள்ளிடத்துல மணல்ல புதைச்சிட்டேங்க" என்றாள். அவ்வளவு தூரம் ஜீப்பில் போகிற நேரத்துக்காவது அடிக்க மாட்டார்கள் என்று தோன்றியது. அதற்கு மேல் யோசிக்க அவளிடம் தெம்பு இல்லை.

உச்சி வெயிலில் ஆற்றில் இறக்கிவிட்டார்கள். தண்ணீர் ஒரு ஓரமாக ஓடிக்கொண்டிருந்தது, மற்றதெல்லாம் மணல். ஒரு நாணல் புதரைக் காட்டினாள். "நீயே தோண்டு" என்றார் எஸ்.ஐ. வீங்கிய விரல்களால் தோண்டினாள். அங்கே இல்லை. இன்னோர் இடத்தைக் காட்டினாள். அங்கேயும் இல்லை. "எங்களை அலைய விடுறியா?" என்று பெண் போலீஸ் பின்னங்கழுத்தைப் பிடித்து அழுத்தினாள். ஒரு கட்டத்தில், நாம் நிஜமாகவே எடுத்திருப்போமோ என்று மலர்க்கொடிக்குச் சந்தேகம் வந்துவிட்டது. கை மணலுக்குள் போகும்போதெல்லாம், செயின் தட்டுப்படாதா, தட்டுப்படாதா என்று சாமியை வேண்டிக்கொண்டாள்.

அப்போது எஸ்.ஐ.யின் போன் அடித்தது. கொஞ்சம் தள்ளிப் போய்ப் பேசினார். திரும்பி வந்தவர் மலர்க்கொடியைப் பார்க்காமல் பெண் போலீஸிடம் சொன்னார். "கிடைச்சிருச்சாம். கல்யாணத்துக்குக் கொண்டுபோனதாம், அங்க யாரோட பைலயோ மாறிப் போச்சாம்." பிறகு இவள் பக்கம் குனிந்தார். "படியில வழுக்கி விழுந்துட்ட. புரியுதா? வேற மாதிரி பேசுனா உன் புருஷன் மேல கஞ்சா கேஸ் விழும்."

ஜீப் போய்விட்டது. மணலில் உட்கார்ந்திருந்தவளுக்கு எழுந்து நிற்க ரொம்ப நேரம் ஆயிற்று.

புருஷன் அம்மாசி பெயின்டர். அவள் காலைப் பார்த்து அழுதான். ஆனால் புகார் என்றதும் பதறிவிட்டான். "அவங்களோட மல்லுக்கட்ட நம்மளால ஆகுமா? என்னையும் தூக்கிட்டுப் போயிட்டா பிள்ளைங்க கதி?"

ஜீனத்துக்கும் பயம்தான். இருந்தும் அவள்தான் ஆட்டோ பிடித்து பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். அங்கிருந்து சுபஸ்ரீ என்ற வக்கீலிடம் கூட்டிப்போனாள். சுபஸ்ரீ அந்த விரல்களைத் தொடாமல் குனிந்து பார்த்தாள்.

"போலீஸ்கிட்ட 'எடுத்தேன்'னு சொன்னது கோர்ட்ல செல்லாதும்மா. நீங்க காட்டுன இடத்துல பொருள் கிடைச்சாதான் அது அவங்களுக்குச் சாட்சி ஆகும். அதுக்குத்தான் தோண்ட விட்டிருக்காங்க." பிறகு என்ன நினைத்தாளோ, சொன்னாள்: "கிழக்கிந்தியக் கம்பெனிக்காரன் காலத்துல வரி கட்டாதவங்க விரலை ரெண்டு கட்டைக்கு நடுவுல வச்சு நெரிப்பாங்க. கிட்டின்னு பேரு. வெள்ளைக்காரனே விசாரணை வச்சு, நடந்தது உண்மைதான்னு எழுதி வச்சிருக்கான்."

"அப்புறம் நின்னுச்சாங்களா?" என்று கேட்டாள் மலர்க்கொடி.

சுபஸ்ரீ புகார் எழுதக் காகிதத்தை எடுத்தாள்.

மாஜிஸ்திரேட் கோர்ட்டில் புகார் போட்டார்கள். அதன் பிறகு பயம் வீட்டுக்குள்ளேயே குடிவந்துவிட்டது. தெருமுனையில் ஒரு பைக் தினமும் வந்து நின்றது. அதில் இருந்தவன் ஒன்றும் செய்யவில்லை, வீட்டைப் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்தான். அம்மாசி வேலைக்குப் போய்த் திரும்புகிற வரை அவள் அடுப்புக்கும் வாசலுக்கும் நடந்தாள். மற்ற இரண்டு வீட்டு வேலைக்குப் போகையில், ஸ்டாப்பில் நின்ற ஓர் அப்பார்ட்மென்ட் வாட்ச்மேனின் காக்கிச் சட்டையைப் பார்த்துப் பஸ்ஸிலேயே உட்கார்ந்து, அடுத்த ஸ்டாப்பில் இறங்கிய நாளும் உண்டு.

ஒருநாள் மாமி தேடிக்கொண்டு வந்தார். அந்தச் சந்துக்குள் அவர் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை.

"வேலைக்கு வந்துடுடி மலர். நேக்கு மனசே சரியில்லை."

"போலீஸ்கிட்ட என்ன சொன்னீங்க மாமி?"

மாமி புடவைத் தலைப்பைச் சுருட்டினார். "கொஞ்சம் மிரட்டிக் கேளுங்கோன்னேன். அவ்வளவுதான். அடிப்பான்னு நான் நெனைக்கலை."

"அடிக்காம எப்படி மாமி மிரட்டுவாங்க?"

மலர்க்கொடிக்கு அழுகை வந்தது. ஆனால் குரல் உடையவில்லை. "ஜீனத் பேரு என் வாய்க்குள்ள இருந்துச்சு மாமி. இன்னும் கொஞ்ச நேரம் அடிச்சிருந்தா சொல்லியிருப்பேன். அவளை இழுத்துட்டுப் போயிருப்பாங்க. அவ யார் பேரைச் சொல்லியிருப்பாளோ? நீங்க சொன்னதைக் கோர்ட்ல சொல்லுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்."

"போலீஸை விரோதிச்சுண்டு நான் தனியா எப்படிடி இருப்பேன்?" மாமி எழுந்து போய்விட்டார்.

விசாரணை அன்று கோர்ட் வராந்தாவில் எஸ்.ஐ. நின்றிருந்தார். யூனிபார்ம் இல்லை, சாதாரணச் சட்டை. அவர் இவளைப் பார்த்துச் சிரித்தார். மலர்க்கொடி சுவரைப் பிடித்துக்கொண்டாள். ஜீனத் அவள் தோளை விடவே இல்லை. உள்ளே போய்ப் பாதி சொன்னபோது நாக்கு ஒட்டிக்கொண்டது. மாஜிஸ்திரேட் தண்ணீர் கொடுக்கச் சொன்னார். குடித்துவிட்டு மீதியையும் சொன்னாள், பேனாவையும் மணலையும்.

அவளுக்கு அடுத்து மாமி வந்தார். வருவார் என்று சுபஸ்ரீகூட நம்பவில்லை. கூண்டில் ஏறும்போது கால் தடுக்கியது. "நான்தான் மிரட்டிக் கேக்கச் சொன்னேன். அவளைக் கூட்டிண்டு போறப்ப அவ நன்னா நடந்துதான் போனா. படியில எங்கேயும் விழலை" என்றார். எஸ்.ஐ. இருந்த பக்கம் அவர் திரும்பவே இல்லை.

எஸ்.ஐ.யை வேறு ஊருக்கு மாற்றினார்கள். பெண் போலீஸ் கொஞ்ச காலம் சஸ்பெண்ட் ஆகி மறுபடி வேலைக்கு வந்துவிட்டாள். கேஸ் இன்னும் நடக்கிறது. தெருமுனையில் இப்போது பைக் நிற்பதில்லை.

மலர்க்கொடி மாமி வீட்டுக்குத் திரும்பப் போகவில்லை. மன்னார்புரத்தில் ஒரு டாக்டர் குடும்பத்தில் வேலை கிடைத்தது. முதல் நாளே அந்த அம்மா, "பெட்ரூமையும் கூட்டிடுங்க மலர்" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனார். அவர் குளித்துவிட்டு வரும்வரை மலர்க்கொடி துடைப்பத்தோடு அந்த அறை வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாள்.

"ஏன் உள்ள போகலை?"

"நீங்க கூட வந்து நில்லுங்கம்மா" என்றாள் மலர்க்கொடி.