கப்பலில் ஆறாவது ஆள்

புதுக்கடை நீதிமன்றங்களில் வாதாடுகிற சட்டத்தரணிகளில் பாதிப்பேராவது என் அம்மா செய்த பல்லால்தான் வாதாடுகிறார்கள் என்று சிறுவயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். அம்மா அங்கே ஒரு பல் வைத்தியரிடம் பொய்ப்பல் செய்கிற வேலை பார்த்தார். வைத்தியர் வாயைத் திறந்து பார்ப்பதோடு சரி. அச்சை வாங்கி, மெழுகில் கட்டி, இளஞ்சிவப்புப் பசையால் முரசு, அதாவது ஈறு, வார்த்து, பல்லைப் பதித்து, ராவி மினுக்கித் தருவதெல்லாம் அம்மா. வீட்டுக்கு வந்த பிறகும் அந்த வேலை அவரை விடாது. யாராவது சிரித்தால் முகத்தைப் பார்க்காமல் பல்லைப் பார்ப்பார். பங்குத் தந்தை பிரசங்கம் வைக்கும்போது அம்மா கண்வெட்டாமல் அவரையே பார்த்துக்கொண்டிருப்பது பக்தியினால் அல்ல என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

எல்லோரும் என்றால் மூன்று பேர். கொட்டாஞ்சேனையில் ஒரு கடைக்கு மேலே இரண்டு அறையில் இருந்தோம். அப்பாவுக்குச் சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. ஒன்பது மாதம் கடல், மூன்று மாதம் வீடு. நான் நாலாம் வகுப்புப் படித்த வருடம் ஒன்பது மாதம் முடிந்தும் அவர் வரவில்லை.

இப்போது நேராகவே சொல்லிவிடலாம். ஆபிரிக்கக் கரைக்கு அப்பால் கடற்கொள்ளையர் அப்பாவின் கப்பலைப் பிடித்து, ஆட்களோடு நிறுத்தி வைத்திருந்தார்கள். அம்மாவுக்கு அது முதல்நாளே தெரியும். எனக்குச் சொல்லப்பட்டது வேறு. எஞ்சின் பழுதாகிக் கப்பல் நடுக்கடலில் நிற்கிறது என்றார் அம்மா. எஞ்சின் திருத்துவதுதான் அப்பாவின் வேலை என்பதால் எனக்கு அவர்மேல் கொஞ்சம் கோபமே வந்தது. இத்தனை நாளாக இந்த மனுஷன் அங்கே என்னதான் திருத்துகிறார் என்று யோசித்தேன்.

அப்போதுதான் அம்மா நேர்த்தி வைத்தார். துறைமுகத்தை அண்டியிருக்கும் எங்கள் பக்கத்துக் கோயில்களில் இது புதிதல்ல. கால் சுகமானால் வெள்ளியில் ஒரு கால், கண் சுகமானால் ஒரு கண், கப்பலில் போனவர் பத்திரமாக வந்தால் ஒரு கப்பல் என்று கொண்டுவந்து மாதாவின் பீடத்தருகே வைப்பார்கள். கேட்டது கிடைத்த பிறகு கொடுப்பதுதான் முறை. அம்மா முறையை மாற்றினார். முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிறகு மாதாவுக்கும் தட்டிக்கழிக்க வழியிருக்காது என்று நினைத்தாரோ என்னவோ. இன்னொரு முறையை மட்டும் யாரும் மாற்றுவதில்லை. நேர்த்திக்குக் கொடுத்தது கொடுத்ததுதான். அதை எவரும் திரும்ப எடுப்பதில்லை.

மற்றவர்கள் தட்டானிடம் சொல்லி உள்ளங்கையளவில் ஒரு கப்பல் செய்விப்பார்கள். அம்மா இரண்டடி நீளத்தில் மரத்தால் தானே கட்டப்போவதாகச் சொன்னார். எந்தக் கப்பல் என்பதிலும் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை. அப்பாவின் அலுமாரிக் கதவின் உட்பக்கத்தில் பத்திரிகையிலிருந்து வெட்டிய ஒரு படம் ஒட்டியிருந்தது. இரண்டு பாய்மரங்களோடு ஒரு பழைய பாய்க்கப்பல். வல்வெட்டித்துறையில் வேம்பும் இலுப்பையும் கொண்டு கட்டியது. எஞ்சின் இல்லாமல் காற்றை மட்டும் நம்பி அமெரிக்காவரை போனது. லீவில் வந்து நிற்கும்போதெல்லாம் அப்பா அந்தக் கதையைச் சொல்வார், ஒவ்வொரு முறையும் கடைசி வசனம் ஒன்றுதான்.

“எங்கட ஆக்கள் அஞ்சு பேர் போனவை. அஞ்சு பேரும் வீட்ட வந்து சேர்ந்தவை.”

அம்மாவிடம் வரைபடம் இல்லை. அந்தப் படம் மட்டும் இருந்தது. பல்லுக்கும் பல்லுக்கும் இடையை அளக்கிற கருவியால் அதை அளந்து, ஒரு கொப்பித் தாள் முழுவதும் பெருக்கிப் பெருக்கி எழுதினார். உடைந்த கதிரைக் கால் ஒன்று அடிக்கட்டையானது. அதிலிருந்து விலா எலும்புகள் போல வளைவுகள் எழும்பின. அவற்றின்மேல் பலகை அடிக்க அவர் கண்டுபிடித்த மரத்தை நினைத்தால் எனக்கு இன்றும் சிரிப்பு வரும். நாக்கை அமத்தித் தொண்டை பார்ப்பார்களே, அந்தக் குச்சி. வைத்தியரிடம் சொல்லிவிட்டு மூன்று பெட்டி கொண்டுவந்தார். ஒவ்வொரு குச்சியையும் நீளவாக்கில் பிளந்து, சுடுதண்ணீரில் ஊறவைத்து, விலாவோடு வளைத்து, உடுப்புக் காயப்போடும் கிளிப்பால் பிடித்துவைப்பார். ஒரு சனிக்கிழமை பின்னேரம் முழுவதும் வேலை செய்தால் நாலு வரிசை ஏறும். அந்த மாதங்களில் எங்கள் உடுப்புகள் கிளிப் இல்லாமல் பறந்து கீழ்க்கடைக்காரரின் கூரையில் கிடந்தன.

அம்மாவின் கைகளை நான் அப்போதுதான் முதன்முதலாகச் சரியாகப் பார்த்தேன் என்று நினைக்கிறேன். பெரிய கைகள், ஆனால் அவை பிடித்த பொருள் ஒருபோதும் நடுங்கவில்லை. பாய்மரக் கயிறுகளுக்கு என்று தையல் நூலைத் தேயிலைச் சாயத்தில் தோய்த்து, காயவைத்து, பல் மெழுகில் இழுத்து எடுப்பார். பிசிறில்லாமல் அசல் கயிறு போலவே வரும். பொட்டளவு கப்பிகளுக்குப் பல் துளைக்கும் ஊசியால் துளை போட்டார். முதல் தடவை கட்டிய உடல் ஒரு பக்கமாக நூலளவு சாய்ந்திருந்தது. எனக்கு அது தெரியவே இல்லை. அம்மா ஒரு நாள் முழுக்க அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உடைத்தெறிந்து மறுபடி தொடங்கினார். நான் அழுதேன்.

“பொருந்தாத பல்லெண்டால் ஆக்கள் திருப்பிக் கொண்டு வருவினம்,” என்றார். “மாதா திருப்பிக் கொண்டு வரமாட்டா. நான்தான் பாக்கோணும்.”

கைத்தொலைபேசி எப்போதும் பசைப் போத்தலுக்குப் பக்கத்திலேயே இருக்கும். அது அடித்தால் மட்டும் அந்தக் கைகள் கையிலிருந்ததைக் கீழே போடும்.

பாய் தைக்கும் கட்டம் வந்தபோது நான் ஒரு யோசனை சொன்னேன். அப்பாவின் வெள்ளைச் சட்டை ஒன்று அலுமாரியில் சும்மா தொங்குகிறது, அதை வெட்டலாமே என்றேன். நல்ல யோசனை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். அம்மாவின் முகம் மாறிவிட்டது.

“வேண்டாம். அவற்ற ஒண்டும் இதில சேரக்கூடாது.”

சொல்லிவிட்டுத் தன் கலியாணச் சேலையை எடுத்து, தலைப்புப் பக்கமாகக் கத்தரித்தார். ஒரு சட்டையைக் காப்பாற்றச் சேலையை வெட்டுகிறவரை நான் வேறு கண்டதில்லை. அப்பாவோடு ஏதோ கோபம் என்று எனக்குள் முடிவுகட்டிக்கொண்டேன்.

கடைசியாக ஆட்கள். முரசு வார்க்கும் பசையில் அரைத் தீக்குச்சி உயரத்துக்கு ஐந்து பேரைச் செய்தார். ஒருவர் சுக்கானில், ஒருவர் முன்னால் அணியத்தில், மூவர் கயிறு இழுத்தபடி. வர்ணம் பூசும்வரை ஐந்து பேரும் இளஞ்சிவப்பாக, அப்போதுதான் குளிப்பாட்டிய குழந்தைகள் போல வரிசையாகக் கிடந்தார்கள். அப்பாவையும் செய்து ஏற்றுங்கள் என்று கேட்டேன். முடியாது என்றார். கெஞ்சினேன். முதுகில் ஒன்று விழுந்தது.

இனி என் நியாயத்தையும் கேட்க வேண்டும். அப்பாவின் கப்பலில் எஞ்சின் பழுது. அம்மா கட்டுவதோ எஞ்சினே வேண்டாத கப்பல், அதில் போனவர்கள் எல்லோரும் வீடு வந்து சேர்ந்த கப்பல். அப்படியானால் அப்பா எதில் ஏற வேண்டும்? நாலாம் வகுப்புப் பிள்ளைக்கே விளங்கும் விஷயம் இவ்வளவு கெட்டிக்காரியான அம்மாவுக்கு ஏன் விளங்கவில்லை என்பதுதான் எனக்கு வியப்பு. அம்மா குளிக்கப் போன நேரத்தில் மிச்சப் பசையை எடுத்து அப்பாவை நானே செய்தேன். தலை பெரிதாகிவிட்டது. கால் ஒன்று கட்டை. மீசையைப் பேனையால் கீறினேன். மேல்தட்டின் நடுவே சதுரமாகச் சின்ன மூடி ஒன்று இருந்தது. அதைத் திறந்து அவரை உள்ளே படுக்கவைத்து, கடல் ஆடும்போது விழுந்துவிடாமல் முதுகில் பசை வைத்து ஒட்டி, மூடியையும் ஒட்டிவிட்டேன்.

பங்குத் திருநாளுக்கு முந்திய ஞாயிறு கப்பலைக் கொண்டுபோனோம். ஓட்டோவுக்குள் அம்மா அதை மடியில் வைத்திருந்தார், பாய்மரம் இரண்டும் கூரையில் முட்டாதபடி குனிந்துகொண்டே வந்தார். பூசை முடிந்ததும் ஃபாதர் தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். சனம் சுற்றி நின்று பார்த்தது. துறைமுகத்தில் முப்பது வருடம் வேலை செய்த ஒரு பெரியவர் குனிந்து, ஒவ்வொரு கயிறாகத் தொடாமல் விரலை ஓட்டிப் பார்த்துவிட்டு, இது எந்த ஆசாரி செய்தது என்று கேட்டார். அம்மா ஒரு பாயின் மடிப்பை நீவிக்கொண்டிருந்தார். எனக்குத்தான் வாய் நிற்கவில்லை, அம்மாதான், அம்மாதான் என்று கத்தினேன். கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்கள்.

திரும்பி வரும்போது அம்மா ஓட்டோவின் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். அவரைச் சந்தோஷப்படுத்த இதுதான் நேரம் என்று எனக்குத் தோன்றியது.

“இனி அப்பா வந்திடுவார் அம்மா. நான் அவரையும் உள்ளுக்க வச்சிட்டன்.”

“எதுக்குள்ள?”

“கப்பலுக்குள்ளதான். விழாம ஒட்டிக்கூட விட்டன்.”

அம்மா சாரதியின் தோளைத் தட்டி, “மல்லி” என்று தம்பி முறையில் கூப்பிட்டு, கோயிலுக்கே திருப்பும்படி சிங்களத்தில் சொன்னார். அந்தக் குரலைக் கேட்டு அவன் ஒற்றைவழிப் பாதையில் எதிர்த்திசையாகவே திருப்பிவிட்டான்.

கோயிலில் ஞானஸ்நானம் நடந்துகொண்டிருந்தது. குழந்தைகள் வரிசையாக அழுதன. கடன் கேட்கக் கூச்சம், அயல்வீட்டில் ஒரு தேங்காய் கேட்கக் கூச்சம், பஸ்ஸில் இருக்கை கேட்கவும் கூச்சம் என்று வாழ்ந்த என் அம்மா, அத்தனை சனத்துக்கும் நடுவால் நேரே போய் ஃபாதருக்கு முன்னால் நின்று, கப்பல் பெட்டியைத் திறக்கச் சொன்னார். ஃபாதர் கையில் தீர்த்தச் சிப்பியோடு திகைத்துப்போனார்.

“நேர்த்திக்குக் குடுத்ததைத் திருப்பி எடுக்கிற வழக்கம் இல்லையே, அம்மா.”

“நான் கப்பலைத்தான் குடுத்தனான், ஃபாதர். ஆளைக் குடுக்கேல்ல.”

ஃபாதர் அம்மாவைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். பெட்டிப் பூட்டின் திறப்பை எடுத்துக் கொடுத்தார். குழந்தைகள்கூட அழுகையை நிறுத்தியதாக எனக்கு ஞாபகம். அம்மா முழங்காலிட்டு, தோளில் சேலையைப் பிடித்திருந்த ஊசியைக் கழற்றி, அந்த மூடியின் விளிம்பில் விட்டார். கயிறொன்றும் அசையவில்லை. மூடி கிளம்பியது. ஊசியை உள்ளே விட்டு, பசையைச் சுரண்டி, வலிக்காமல் பல் பிடுங்குவது போல அப்பாவை எடுத்தார். கட்டைக் கால் மட்டும் முறிந்து உள்ளே நின்றுவிட்டது. அம்மா கப்பலுக்குள் ஊசியால் தேடித் தேடி அந்தக் காலையும் எடுத்தார். இரண்டையும் பொத்திய கையோடு எழும்பி, மாதாவைப் பார்த்து ஏதோ வாய்க்குள் சொன்னார். பிறகு மூடியைப் பொருத்தி, பெட்டியைப் பூட்டி, திறப்பைத் திருப்பிக் கொடுத்தார். வீடு வரும்வரை அந்தக் கை திறக்கவில்லை.

எனக்கு வந்த வெட்கம் சொல்லி முடியாது. அம்மா அப்பாவை ஏன் எடுத்தார் என்பதில் எனக்குச் சந்தேகமே இருக்கவில்லை. ஒரு நூலளவு சாய்ந்ததற்காக முழுக் கப்பலையே உடைத்தவர் அல்லவா? அப்படிப்பட்டவர் தலை பெருத்த, கால் கட்டையான ஒரு அப்பாவை மாதாவுக்கு முன்னால் எப்படி வைப்பார்? அவ்வளவு அழகான கப்பலை நான் கெடுத்துவிட்டேன். அம்மா வீட்டுக்கு வந்ததும் காலை ஒட்டி, பல் செட் வைக்கிற சின்ன நீலப் பெட்டியில் பஞ்சு போட்டு, அவரை அதில் கிடத்தித் தன் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தார். அதை நான் என்மீதான இரக்கம் என்று எடுத்துக்கொண்டேன்.

திருத்தமாகச் செய்து காட்டுவதென்று எனக்கு ரோஷம் வந்தது. பின்னேரங்களில் மிச்சப் பசையில் அப்பாவாகவே செய்து தள்ளினேன். இரண்டாவது அப்பாவுக்குக் கழுத்து இல்லை. நாலாவது அப்பா நின்றார். ஏழாவதுக்கு மீசை சரியாக வந்தது. ஒவ்வொன்றையும் அம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்து, கப்பலில் ஏற்றக்கூடிய அளவுக்கு வந்துவிட்டதா என்று முகத்தைப் பார்ப்பேன். அவர் ஒருபோதும் கப்பல் பேச்சை எடுக்கவில்லை. ஆனால் ஒன்றைக்கூட எறியவும் இல்லை. ஒருவரை ஜன்னல் கட்டில் நிறுத்தினார், ஒருவரைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல், ஒருவரை அப்பாவின் தேநீர்க் கோப்பைக்குள். வேலைக்குப் போகுமுன் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டுத்தான் கதவைப் பூட்டுவார்.

கொள்ளையர் கப்பலை விடுவித்து அப்பா வந்தது அதற்குப் பிறகு ஐந்து மாதம் கழித்து. பாதி ஆளாகத்தான் வந்தார். சட்டை தோளில் தொங்கியது, அலுமாரியில் அந்த வெள்ளைச் சட்டை தொங்கியது போலவே. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்தவர் முதலில் ஜன்னல் கட்டைப் பார்த்தார். பிறகு குளிர்சாதனப் பெட்டியை. பிறகு கோப்பையை. அறைக்குள் போய் நீலப் பெட்டியையும் பார்த்துவிட்டு வந்தார்.

“இதெல்லாம் ஆர்?” என்று கேட்டார்.

“நீங்கதான்,” என்றார் அம்மா. “ஒரு நாளும் வெளியில போகவிடேல்ல.”

அப்பா கோப்பைக்குள் நின்ற பதினொன்றாவது ஆளைக் கையில் எடுத்து வைத்துக்கொண்டு, கதிரையில் உட்கார்ந்து, பெரிய சத்தமாக அழத் தொடங்கினார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அம்மா அவருடைய தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு வைத்துக்கொண்டார். நான் பக்கத்தில் போய் நின்றேன். பதினொன்றாவது மற்றவற்றைவிட நன்றாக வந்திருக்கிறது என்று எனக்கு முன்பே தெரியும், ஆனால் அழுகிற அளவுக்கு வந்திருக்கும் என்று நான் நினைக்கவில்லை.