முட்டையே தின்னாத பிள்ளை

என் கையெழுத்து கோழி கிளறிய குப்பைபோல் இருக்கும். ஐந்தாம் வகுப்போடு நின்றவன். ல, ள, ழ மூன்றும் எனக்கு ஒரே வீட்டுப் பிள்ளைகள். பொறுத்துப் படியுங்கள்.

நாமக்கல் பக்கம் ஒரு கோழிப்பண்ணையில் முட்டை பொறுக்கி அட்டையில் அடுக்குவது என் வேலை. நாலு பேர் கூடினால் நான் பின்னால் போய் நின்றுகொள்வேன். மகள் நேர்மாறு. பண்ணைக்கு வரும் முட்டை வியாபாரி போனில் விலை பேசுவதைப் பத்து வயதிலேயே அப்படியே செய்து காட்டுவாள். விலை ஏறினால் அவர் வயிற்றைப் பிடித்துக்கொள்வார். இறங்கினால் மீசையைத் தடவுவார். ஒருநாள் இதைப் பார்த்த முதலாளிக்குச் சிரித்துச் சிரித்துப் புரையேறிவிட்டது.

குழந்தைகளே நடிக்கும் சிரிப்பு நிகழ்ச்சி ஒன்று டிவியில் வருகிறது. எட்டு வயதுப் பையன் ஒட்டுமீசையோடு குடிகாரப் புருஷனாக வருவான். ஏழு வயதுப் பெண் அவனைத் துடைப்பத்தால் அடிப்பாள். பெரியவர்கள் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். குழந்தை குழந்தையாக வந்தால் அங்கே வேலை கிடையாது போலும். அதற்குச் சேலத்தில் ஆள் எடுத்தபோது மகள் வியாபாரியைச் செய்து காட்டினாள். எடுத்துக்கொண்டார்கள். அதை டிவியில் முழுசாகச் செய்யப்போகிறோம் என்பதே அவளுக்குத் தூக்கத்திலும் பேச்சு.

சென்னையில், கழுத்தில் அட்டை தொங்கவிட்ட ஒரு தம்பி எங்கள் கஷ்டங்களைக் கேட்டார். பெரிதாக ஒன்றுமில்லை என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. என் வேலையைச் சொன்னதும் மலர்ந்தது. ஏதோ எழுதிவந்து மகளிடம் படிக்கச் சொன்னார். "எங்கப்பா தினமும் ஆயிரக்கணக்குல முட்டை எடுப்பாரு. ஆனா நான் ஒரு முட்டைகூடச் சாப்பிட்டதில்லை."

எங்கள் வீட்டில் விரிசல் விட்ட முட்டைகள் அட்டை அட்டையாக வந்து கிடக்கும். முட்டைக் குழம்பு என்றால் மகள் பக்கத்து வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவாள்.

"ஏனுங்க, இது பொய்யில்லீங்களா?" என்றாள் மகள் அந்தத் தம்பியிடம்.

"பொய் இல்லம்மா, எமோஷன். இதைச் சொன்னாத்தான் உன் காமெடி."

சொன்னாள். நடுவர்கள் மூவரும் அழுதார்கள். கைக்குட்டை தயாராக வந்தது. என்னையும் அழச் சொல்லியிருந்தார்கள். செத்துப்போன யாரையாவது நினைத்துக்கொள்ளுங்கள் என்று யோசனையும் கொடுத்தார்கள். எனக்கு வரவில்லை. விளக்குச் சூட்டில் வேர்த்துக் கொட்டியது. துண்டால் முகத்தைத் துடைத்தேன். டிவியில் அதற்கு வயலின் வைத்திருந்தார்கள். மகள் செய்த வியாபாரி டிவியில் வந்த வேகத்தில் போய்விட்டார். அந்நேரம் தும்மியவர்கள் அவரைப் பார்த்திருக்க முடியாது.

டிவியில் வந்த மறுநாள் பள்ளிக்கூடத்துச் சத்துணவில் ஆயா அவளுக்கு மட்டும் இரண்டு முட்டை வைத்தார். பிள்ளைகள் கேலி செய்தார்கள். மாமன் முறையாகும் தூரத்துச் சொந்தம் ஒருவர் ஒரு அட்டை முட்டையோடு பஸ் ஏறி வந்து, "புள்ளைக்கு ஒரு முட்டை குடுக்க முடியலீன்னா எங்ககிட்டச் சொல்லப்படாதா மாப்ளே" என்று கண்கலங்கினார். முட்டையை வைக்க இடமில்லாமல் மனைவி முறைத்தாள். முதலாளி ஒரு வாரம் என் முகத்தைப் பார்க்கவில்லை. ஒரு குழந்தையைப் பட்டினி போட்டவராக ஊர் அவரைப் பார்த்தது.

அடுத்த சுற்றுக்கு வரச்சொல்லி அந்தத் தம்பி போன் செய்தார். மனைவி ஸ்பீக்கரில் போட்டாள். இந்த முறை அம்மா அழ வேண்டுமாம். குடும்பத்தில் சமீபத்தில் யாராவது தவறிப்போயிருந்தால் நன்றாக இருக்கும் என்றார்.

"ஊட்ல எல்லாரும் நல்லாத்தான் இருக்கறமுங்க. யாராச்சும் செத்தா சொல்லியனுப்பறோம்" என்றாள் மனைவி.

மகள் போனைப் பிடுங்கி, அந்த வியாபாரியை முதலிலிருந்து கடைசிவரை அவருக்கே செய்து காட்டினாள். போனில் தெரியாதே என்று பார்க்காமல் வயிற்றையும் பிடித்தாள், மீசையையும் தடவினாள். அந்தப் பக்கம் சிரிப்பு அடங்கவில்லை; கூட இருந்தவர்கள் சிரிப்பதும் கேட்டது. பிறகு தம்பி மூச்சு வாங்கிக்கொண்டு, "சூப்பரா பண்றம்மா. ஆனா இதுல எமோஷன் இல்லையே?" என்றார்.

"இல்லீங்க" என்று சொல்லி மகள் வைத்துவிட்டாள்.

கோழிகளுக்கு விடுமுறை கிடையாது. வேலை முடிந்து வந்து எழுதியது, தை மாதம், மாட்டுப் பொங்கலன்று.